லூர்து மேரிக்கு வரவேண்டிய சர்க்கரை

1

விதி தெளிவாகவே இருக்கிறது. வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து தங்கும் குடும்பத் தலைவர், தம் குடும்பத்தார் அனைவரின் பெயரையும் ஒருவர் விடாமல் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். விண்ணப்பம் முறையாக இருந்தால் தற்காலிக ரேஷன் கார்டு தாமதமின்றி வழங்கப்படும். படிவத்தின் பின்பக்கத்தில், கண்ணை உறுத்தும் பொடி எழுத்தில் இது அச்சாகியிருக்கிறது. பின்பக்கத்தைப் படிக்கிறவர்கள் உலகத்தில் சொற்பம். பினாங்கில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற நான் அவர்களில் ஒருவன்.

என் குடும்பம் என்றால் நானும் என் மனைவி லூர்து மேரியும்தான். மகன் பிலிப் தனிக்குடித்தனம் போய்விட்டான். ஆகவே என் பெயருக்குக் கீழே 'லூர்து மேரி, மனைவி' என்று எழுதினேன். அவள் அந்த நேரத்தில் பினாங்கில் எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்தாள். அதையும் மறைக்காமல் 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதினேன். வேறு எவனாக இருந்தாலும் தன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, கார்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பான். அப்படிப் போனவனுக்குச் சர்க்கரை கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்தது சென்னைப் பட்டணம்.

2

நான் மயிலாப்பூரில் பிறந்து, சாந்தோம் கோயில் மணிக்குக் கண் விழித்து வளர்ந்தவன். லூர்து பினாங்கிலேயே பிறந்தவள். சென்னையை அவள் பார்த்ததே இல்லை. சண்டை முடிந்து, கப்பல் ஓடத் தொடங்கி, எனக்கும் ஓய்வு உத்தரவு வந்தபோது, மிச்ச காலத்தைச் சென்னையில் கழிக்கலாம் என்று சொன்னேன். பென்ஷனை அங்கே மாற்றி வாங்கிக்கொள்ள எந்த விதி இடம் தருகிறது என்பதையும் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"உங்க ஊருக்கு நான் எதுக்கு வரணும்? இங்க காலையில கதவைத் திறந்தா மீன்காரன் லூர்தம்மான்றான், ரொட்டிக்காரன் லூர்தம்மான்றான். எதிர்வீட்டுச் சீனத்திகூட லூடம்மான்றா. அங்க என்னை யாருக்குத் தெரியும்? மூணு பேராவது என் பேரைச் சொல்ற ஊருன்னா சொல்லுங்க, வர்றேன்."

"நீ போகாத ஊர்ல உன் பேரை எவன் சொல்லுவான்?"

"அது உங்க பாடு. எல்லா ரூலும் தெரிஞ்சவராச்சே நீங்க."

பிலிப்புக்கு இதில் அபிப்பிராயமே கிடையாது. அவன் எழுதும் கடிதம் ஆங்கிலத்தில் தொடங்கி மலாயில் முடியும். 'அன்புள்ள அப்பா' மட்டும் தமிழில் இருக்கும், அதிலும் ஒரு 'ப்' குறையும். "மெட்ராஸ் போய் என்ன செய்வீங்க லா?" என்று மலாய் வால் ஒட்டிக் கேட்டதோடு அவன் கடமை முடிந்தது.

ஆக, முடிவு லூர்துவின் கையில். அவள் வந்தால் சென்னை. வராவிட்டால் பினாங்கிலேயே எனக்குக் குழி வெட்ட வேண்டியதுதான். ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று 1946 டிசம்பரில் நான் மட்டும் கப்பல் ஏறினேன்.

3

மயிலாப்பூரில் என் அக்கா ஞானம் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவள். இப்போது அவள் கணக்குப் போடுவதெல்லாம் ரேஷன் அரிசிக்குத்தான்.

"ஏண்டா தம்பி, இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்க, ஒரு வேளை விருந்து போடுவேன். தினம் போடணும்னா அரிசிக்கு நான் எங்கடா போவேன்? கார்டை வாங்கு, அப்புறம் உக்காரு பந்தியில."

கார்டு வரும்வரை வெளியில்தான் சாப்பாடு என்று ஆயிற்று. இப்படி ஒரு தண்டனை எல்லாருக்கும் வாய்க்க வேண்டும்.

உள்ளூர் வாசகர்களே, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பினாங்கில் ஜப்பான்காரன் இருந்த மூன்றரை வருஷமும் நாங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். கிழங்கில் கஞ்சி, கிழங்கில் ரொட்டி, கிறிஸ்துமஸுக்குக் கிழங்கில் கேக். தேங்காயைக் கருக வறுத்து இடித்துக் காப்பி என்று குடித்தோம். அந்த நாக்கோடு மார்கழி மாதத்து மயிலாப்பூரில் ஒருவன் இறங்கினால் என்ன ஆவான்? மாட வீதியில் பூசணிப்பூ வைத்த கோலங்களைத் தாண்டித் தாண்டி, சிறுபிள்ளை போல நடந்தேன். நெய்யில் மிளகு பொரியும் வாசனை ஒரு வாசலில். பெருங்காயம் இன்னொரு வாசலில். மல்லிகையும் சாணமும் ஈரமண்ணும் தெரு முழுக்க. குளத்தங்கரைக்குப் பக்கத்து ஹோட்டலில் நுழைந்து வெண்பொங்கலும் கொத்சுவும் கேட்டேன். முதல் வாய்க்கே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

பரிமாறியவர் மிரண்டு போனார். "ஏன் ஸார் சிரிக்கறேள்? அரிசி பாதி, ரவை பாதிதான் போட்டிருக்கு. கன்ட்ரோல் காலம். இதெல்லாம் ஒரு பொங்கலா?"

"இன்னொன்று வையுங்கள்" என்றேன். பிறகு வாய் தவறி, பினாங்கு வழக்கத்தில் "ஒரு கோப்பி ஓ" என்றேன்.

"ஓ-ன்னா?"

"பால் இல்லாமல்."

"பால் இல்லாத காப்பியைக் கொண்டு வச்சேன்னா மொதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார் ஸார்" என்று சொல்லிவிட்டு, நுரை ததும்பும் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரைக்குப் பதில் வெல்லம். சுற்றியிருந்த அத்தனை பேரும் அந்த வெல்லத்தைத் திட்டிக்கொண்டே குடித்தார்கள். நான் டவராவில் கடைசியாகத் தங்கியிருந்ததையும் டம்ளரில் கவிழ்த்துக் குடித்தேன்.

சாயங்காலங்களில் கச்சேரி ரோட்டுக்கு அருகில் கரீம் பாயின் ரொட்டிக்கடை. அடுப்பிலிருந்து பொறை வெளியே வரும் நேரம் தெருவுக்கே தெரியும். மொறுமொறுவென்று, உப்பும் இனிப்புமாக, டீயில் தோய்த்தால் மறுகணம் கரைகிற பொறை. முதல் நாள் பாய் கேட்டார்:

"எத்தினி பேருக்கு ஸார்?"

காலையில்தான் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். எழுதியதற்கு மாறாக வாய் வரவில்லை. "ரெண்டு பேருக்கு. நானும், என் மனைவி லூர்து மேரியும்."

"வூட்ல கீறாங்களா?"

"பினாங்கில் இருக்கிறாள்."

பாய் காகிதத்தைச் சுருட்டுவதை நிறுத்தினார். "பினாங்கு போய்ச் சேர்றதுக்குள்ள நமுத்துப் பூடுமே ஸார்!"

"அவள் பங்கையும் நான்தான் தின்பேன்."

"அப்ப சரி. லூர்தம்மாவுக்கு இன்னா புடிக்கும், பொறையா, ரொட்டியா?"

ரொட்டியில் கருகிய ஓரம்தான் அவளுக்கு உயிர் என்றேன். மறுநாளிலிருந்து எனக்காக ஒரு ரொட்டி ஓரம் தனியே காத்திருந்தது. "இந்தா ஸார், இது லூர்தம்மாவுது" என்பார். நான் அதைத் தின்றுகொண்டே சாந்தோம் கடற்கரை வரை நடப்பேன்.

4

ஒரு வாரம் போல் கழித்து ரேஷன் ஆபீசில் கூப்பிட்டார்கள். நெற்றியில் திருமண் இட்ட இளம் குமாஸ்தா ஒருவர் என் விண்ணப்பத்தை, ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி பினாங்குல இருக்கான்னு நீங்களே எழுதியிருக்கேள். அப்புறம் அவாளுக்கு எப்படி ஸார் சர்க்கரை குடுக்கறது?"

"நான் சர்க்கரை கேட்கவில்லை. விதிப்படி பெயரை எழுதினேன்."

"பேரை எழுதினா சர்க்கரை கேட்டதாத்தான் அர்த்தம். அடிச்சுடுங்கோ ஸார். ஒரு கோடு. இன்னிக்கே கார்டு."

பேனாவைக்கூட நீட்டினார். நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். அடித்துத் திருத்திய விண்ணப்பம் செல்லாது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மூன்றரை வருஷம் எனக்குக் கிழங்கின் நடுப்பாகத்தை வைத்துவிட்டு நாரைத் தின்றவளை, சர்க்கரைக்காக ஒரு கோட்டில் அடிக்க என் கை வரவில்லை. முடியாது என்றேன்.

"அப்போ விசாரணைக்குத்தான் போகும்" என்றார் குமாஸ்தா, கொஞ்சம் மரியாதையோடு. "உங்களையும் மாமியையும் அறிஞ்சவா மூணு பேர், பட்டணத்துக்குள்ள, விலாசத்தோட எழுதிக் குடுங்கோ. சொந்தக்காரா கூடாது."

அக்கா சொந்தம். என் பழைய சிநேகிதர்களில் சிலர் கல்லறைக்கும் சிலர் டில்லிக்கும் போய்விட்டார்கள். கரீம் பாயின் பெயரை எழுதினேன். மற்ற இரண்டு பேருக்கு அவகாசம் கேட்டேன். அதற்கும் விதி இருக்கிறது.

வெளியே வந்தபோது எனக்கு உற்சாகம் பொங்கியது. லூர்து கேட்டதும் மூன்று பேர். சர்க்கார் கேட்பதும் மூன்று பேர். முதுகைத் தட்டிக் கொடுக்க யாரும் இல்லாததால் நானே குடையால் தட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

5

தியாகராய நகர் நான் பினாங்குக்குக் கப்பல் ஏறிய காலத்தில் ஏரிக்கரையும் புல்தரையுமாகக் கிடந்த இடம். இப்போது பங்களாக்கள். வாசல் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால், ராஜதானி முழுவதும் ஓய்வுபெற்று இங்கேதான் குடியேறியிருக்கிறது என்று தோன்றும். பெயர், அதன்பின் பட்டம், அதன்பின் பழைய உத்தியோகம், அதன்பின் 'நாய் உண்டு'. பனகல் பார்க்கில் அந்தப் பெயர்ப்பலகைகளெல்லாம் கம்பளி மப்ளர் கட்டிக்கொண்டு வட்டம் வட்டமாக நடந்தன. பேச்சு முழுக்கப் பென்ஷன் விதிகள். ஒருவர் தவறாகச் சொன்ன ஒரு விதியைத் திருத்தினேன். எல்லாரும் நின்று என்னைக் கூர்ந்து பார்த்தார்கள். சொர்க்கத்தில் என்னை வரவேற்பது இப்படித்தான் இருக்கும்.

அங்கிருந்து பாண்டி பஜார். வளையல், ரிப்பன், கண்ணாடி ஜாடி, எவர்சில்வர் டவரா. துணிக்குக் கன்ட்ரோல் என்று அலுத்துக்கொண்டே பெண்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ரயில் நிலையத்துப் பக்கம் போனால் தெருவே காய்கறி. பச்சை அவரைக்காயைக் கண்டு சும்மா தொட்டுப் பார்த்தேன்; கடைக்காரி என் கையில் ஓர் அடி போட்டாள். ஒரு வண்டியில் மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல், தின்றேன். எதிர்வண்டியில் மாங்காய் போடாத சுண்டல். நியாயம் வேண்டுமே, அதையும் தின்றேன்.

பிறகு மூக்கு என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு காப்பிக்கொட்டைக் கடையில் நிறுத்தியது. இரும்பு உருளையில் கொட்டை வறுபட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் அரைக்கும் இயந்திரம் கடகடத்தது. கடைக்காரரான செட்டியார் கண்ணை மூடி வறுபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பீபரி பாதி, பிளாண்டேஷன் பாதி" என்றேன், தெரிந்தவன் போல.

"உங்க ருசி கிடக்கட்டும்ங்க. வீட்ல அம்மா எப்படிச் சாப்பிடுவாங்க?"

லூர்து குடிக்கும் விதத்தைச் சொன்னேன். கருப்பாக, கசப்பாக இறக்கி, அடியில் டப்பாப் பால் ஊற்றி, கலக்காமல். செட்டியார் கண்ணைத் திறந்தார்.

"டப்பாப் பாலா?"

"ஆமாம்."

"பாவம்ங்க. அந்த அம்மா பேரென்ன?"

சொன்னேன். இன்னும் கொஞ்சம் கருக விட்டு இறக்கினார், சிக்கரி தொடவில்லை. சுவரில் வாடிக்கைக்காரர் கலவைகளைச் சாக்பீஸால் எழுதும் பலகை ஒன்று இருந்தது. நீதிபதி வீடு, டாக்டர் வீடு என்ற வரிசையில் 'லூர்தம்மா கலவை' என்று ஒரு வரி சேர்ந்தது. "சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. பசும்பால் ஒரு தடவை குடிச்சுப் பார்க்கட்டும்" என்றார்.

ரங்கராட்டினத்தில் ஏறினவன் போல வீடு வந்தேன்.

6

அடையாறு அக்காவின் கணக்கில் ஊரே இல்லை. "அங்க நரி இருக்குடா" என்றாள். பாலத்தைத் தாண்டியதும் நரி ஒன்றும் இல்லை. பனைமரமும், தோப்பும், ஒரு ஊரே உட்காரக்கூடிய ஆலமரமும் இருந்தன. மணல் பாதையில் கடல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஊரூர் குப்பம். கட்டுமரங்கள் அப்போதுதான் கரையேறியிருந்தன. குறுகலான சந்துகளில் வலை காய்ந்தது. நெத்திலி வெள்ளிக்காசு மாதிரி மணலில் துள்ளியது. கூடைக்கு முன்னால் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்த தனம், என் குடையையும் கோட்டையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா நைனா, மீனைப் பார்க்க வந்தியா, வாங்க வந்தியா?"

"வாங்கலாம். சமைக்க வீடு இல்லை."

"வூடு இல்லாதவனுக்கு வஞ்சிரம் எதுக்கு? சம்சாரம் எங்க கீது?"

"பினாங்கில்."

"அது எங்க கீது?"

நான் குடையை நேரே கடல் பக்கம் நீட்டினேன். "இந்தத் தண்ணிக்கு அந்தப் பக்கம்."

தனம் கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தாள். "அப்ப எதிர்வூடுதான்னு சொல்லு!"

பூகோளத்தை யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. மணலில் உட்கார்ந்தே விட்டேன். அவள் நாத்தனார் மஞ்சளும் மிளகாயும் தடவி வறுத்த நெத்திலியை ஒரு பூவரச இலையில் வைத்துக் கொடுத்தாள். விரல் சுட்டது. நிறுத்தவில்லை. லூர்துவுக்கு மீன் தலை பிடிக்கும் என்று சொன்னேன்.

"தலை துன்றவ நல்லா ஆக்குவா. பேரு இன்னா?"

"லூர்து மேரி."

"லூர்தம்மா வந்துச்சின்னா தலை நம்மகிட்டதான். சொல்லி வை."

மூன்றாவது பெயரும் விலாசமும் கிடைத்துவிட்டன. விலாசம்: கடலுக்கு எதிரில்.

7

விசாரணை நடந்தது. இன்ஸ்பெக்டர் மூன்று இடத்துக்கும் போனார். மாசி பிறந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். குமாஸ்தாவின் முகம் இருண்டிருந்தது.

"ஸார், ரொட்டிக்கடைக்காரர் என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? 'லூர்தம்மாவைத் தெரியாதா? நேத்துகூட வந்து ரொட்டி ஓரம் வாங்கினு போனாங்க.' காப்பிக்கடைக்காரர், 'அடிக்கடி வருவாங்க, அதிகம் பேசமாட்டாங்க, தங்கமான குணம்.' குப்பத்துக்காரி, 'கருப்பா லட்சணமா இருக்கும், பேரமே பேசாது.' மாமி பட்டணத்துல இருக்கான்னு மூணு சாட்சி. இல்லைன்னு நீங்க ஒருத்தர். நான் யாரை நம்பறது?"

எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. லூர்து பேரம் பேசமாட்டாளாம்! பினாங்கு மார்க்கெட்டில் அவள் தலையைக் கண்டதும் விலை இறங்கும். அந்த ஒரு வரியிலேயே சாட்சி பொய் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"சிரிக்கறேளே! மாமியை எங்கேயோ ஒளிச்சு வச்சுண்டு ரெண்டு கார்டு வாங்கப் பார்க்கறேளோன்னு மேலே கேக்கறா. ஃபைல் பெரியவர்கிட்ட போயாச்சு."

நேரே கரீம் பாயிடம் போனேன். "என்ன பாய் இது? பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறீர்களே!"

"தெரியும்னு மட்டும் சொன்னா போதுமா ஸார்? தெம்பா இருக்காதே. நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னாதான் சக்கரை குடுப்பான்."

"கெடுத்துவிட்டீர்கள்."

"ஓரம் எடுத்துக்க ஸார். சூடு ஆறுது."

பங்குனியில் என் கப்பல் புறப்பட்டது. கார்டு வரவில்லை. ஒரு தகரப்பெட்டி நிறையப் பொறை, ஒரு பை 'லூர்தம்மா கலவை', ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு ஆகியவற்றோடு நான் பினாங்கில் இறங்கினேன்.

8

லூர்து காப்பியைக் குடித்தாள். பொறையைக் கடித்தாள். கருவாட்டை முகர்ந்து பார்த்து உறியில் வைத்தாள். நான் மூன்று ஊர்க்கதையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். தனம் பேரத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் நாகரிகம் கருதி விட்டுவிட்டேன்.

"மூணு பேர் உன் பேரைச் சொல்றாங்க லூர்து. நான் காதால கேட்டேன்."

"நீங்க சொல்லிக் குடுத்தீங்க, அவங்க சொன்னாங்க. கதைதானே? எழுத்துல இருக்கா?"

ஒரு குமாஸ்தாவோடு முப்பது வருஷம் வாழ்ந்தவள் வேறு எப்படிக் கேட்பாள்? எழுத்தில் இல்லை. அவள் என் பிரயாணப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மே மாதத்தில் பொறை தீர்ந்தது. காப்பித்தூளை அவள் சிக்கனமாக, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு மட்டும் போட்டாள். டப்பாப் பாலை நிறுத்தியிருந்ததைக் கவனித்தேன், கேட்கவில்லை. சென்னையைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டேன்.

பிறகு பழுப்பு உறை ஒன்று, அக்கா கையெழுத்தில் விலாசம் மாற்றப்பட்டு வந்தது. உள்ளே ரேஷன் ஆபீஸ் பதில். லூர்து அதை என் கையிலிருந்து வாங்கித் தானே எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'தங்கள் விண்ணப்பம் தொடர்பாக: திருமதி லூர்து மேரி, மயிலாப்பூர், தியாகராய நகர், ஊரூர் குப்பம் ஆகிய மூன்று இடங்களிலும் வியாபாரிகளால் பெயர் சொல்லி அறியப்பட்டவர் என்று விசாரணையில் உறுதியாகிறது. மேலும் அவர் பேரம் பேசாதவர் என்று ஒரு சாட்சி கூறுகிறார். ஆயினும் அவர் இருப்பிடம் குறித்துச் சாட்சிகளுக்கும் விண்ணப்பதாரருக்கும் முரண்பாடு இருப்பதால், மேற்படியார் நேரில் ஆஜரானால் இருவருக்கும் கார்டு வழங்கப்படும்.'

அவள் முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தாள். 'பெயர் சொல்லி அறியப்பட்டவர்' என்ற இடத்தில் விரல் நின்றது. விரல் நகர்ந்து அடுத்த வரிக்குப் போனது.

"பேரம் பேசமாட்டேனா? யாரு சொன்னது?"

"குப்பத்துல தனம்னு ஒரு மீன்காரி."

"என்னைப் பார்க்காமலேயே என்னா தைரியம் அவளுக்கு! சர்க்கார் காயிதத்துல ஏத்திட்டாளே!" கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "நேர்ல வந்து காட்டறேன். கப்பல் எப்ப?"

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை அவளே இழுத்தாள். அது தரையில் கிறீச்சிட்ட சத்தத்தைப் போல ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை. ஆனாலும் ஆபீஸ் வழக்கம் விடுமா? கடிதத்தின் மேல்மூலையில், 'பெறப்பட்டது' என்று எழுதி, தேதியிட்டேன்: 1947 ஜூன் 12, வியாழக்கிழமை.